ரேடியோ மூலங்களும் அவற்றின் நிறமாலையும்: முத்தோரை முதல் காவலூர் வரை

(நெய்வேலி நகரியத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நெய்வேலியும் உதகமண்டலமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஒன்று 11.6 பாகை, மற்றொன்று 11.4 பாகை. இங்கே நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்க விளிம்பில் நின்று வடக்கே பார்த்தால் துருவ விண்மீன் எவ்வளவு தாழ்வாகத் தெரிகிறதோ, நீலகிரியிலும் அவ்வளவு தாழ்வாகத்தான் தெரியும். இந்த 11 பாகைக் கணக்கை நம்பித்தான் தமிழ்நாட்டில் உலகத் தரமான ஒரு ரேடியோ தொலைநோக்கி எழுந்தது.

கோவிந்த் ஸ்வரூப் 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலிருந்து திரும்பி, ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். நீளமான உருளை வடிவத் தொலைநோக்கி ஒன்றைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைத்துவிட்டால், ஒரே அச்சில் திருப்பியே வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம் என்பது அவருடைய திட்டம். அதற்கு வடக்கு தெற்காக ஓடும் மலைச்சரிவு வேண்டும். அதன் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். தென்னிந்திய மலைகளில் தேடி, உதகைக்கு அருகே முத்தோரையில் அப்படி ஒரு சரிவைக் கண்டுபிடித்தார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். வடிவமைத்ததும் கட்டியதும் இந்நாட்டுப் பொறியாளர்களும் தொழிலாளர்களும்தான். 1970 பிப்ரவரி 18 அன்று அது முதல் சந்திர மறைப்பைப் பதிவு செய்தது.

சந்திர மறைப்பு என்பது என்ன? நிலா வானத்தில் நகரும்போது தன் பாதையில் உள்ள ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலை உமிழும் வான்பொருள்களை, ஒவ்வொன்றாக மறைத்துச் செல்கிறது. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு விகலை. நிலா ஒரு விநாடியில் ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. மூலம் எந்தக் கணத்தில் மறைந்தது, எந்தக் கணத்தில் வெளிவந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். அந்தக் கணங்களில் நிலாவின் விளிம்பு எங்கே இருந்தது என்பது கணக்குப்படி தெரியும். அதிலிருந்து மூலத்தின் இடமும், அது ஒற்றையா இரட்டையா என்பதும், அதன் அளவும் சில விகலைத் துல்லியத்தில் கிடைத்துவிடும். அக்காலத்துத் தனி ரேடியோ தொலைநோக்கி எதுவும் நேரடியாக இந்தத் துல்லியத்தைத் தந்ததில்லை. 1970களில் உதகைக் குழுவினர் ஏறத்தாழ 1,000 மூலங்களை இவ்வாறு அளந்தார்கள்.

ரேடியோ அலை இத்தனையும் சொல்லியது. ஒன்றை மட்டும் சொல்லவில்லை: அந்த மூலம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை. அதைச் சொல்ல வேண்டியது ஒளி. இந்தச் சொற்பொழிவின் பொருளே அந்த இடைவெளியும், அதை நிரப்ப இந்திய வானியலாளர்கள் எடுத்துக்கொண்ட நீண்ட உழைப்பும்தான்.

மூன்று கோடுகள், ஒரே விகிதம்

சந்திர மறைப்பின் வலிமையை உலகுக்குக் காட்டியது 3சி 273 என்ற மூலம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ரேடியோ பட்டியலில் 273ஆவது இடத்தில் இருப்பதால் அந்தப் பெயர். கன்னி ராசியில் இருக்கிறது. சித்திரை மாத இரவுகளில் பதினோரு மணி வாக்கில் நெய்வேலியின் வானத்தில் நல்ல உயரத்தில் நிற்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1962இல் நிலா இதை மறைத்தபோது சிரில் ஹஸார்டும் சகாக்களும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியால் அளந்தார்கள். வழக்கமான எல்லைக்கும் கீழே தொலைநோக்கியைச் சாய்த்துத்தான் அந்த அளவீட்டை எடுக்க முடிந்தது. கிடைத்த இடத்தில், ஒளிப்படத் தகட்டில், 13ஆம் பருமனில் ஒரு விண்மீன் போன்ற புள்ளி இருந்தது.

கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் உள்ள 200 அங்குலத் தொலைநோக்கியில் மார்ட்டன் ஷ்மிட் அந்தப் புள்ளியின் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்தார். அதில் பிரகாசமான கோடுகள் இருந்தன. எந்தத் தனிமத்துக்கும் அவை பொருந்தவில்லை. 1963 பிப்ரவரி 5 அன்று கோடுகளின் இடைவெளியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது ஷ்மிட்டுக்கு விடை புலப்பட்டது.

அந்தக் கணக்கைப் பள்ளி மாணவர்களும் போட்டுப் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் விளக்கு 486, 434, 410 நானோமீட்டர்களில் கோடுகளைத் தருகிறது. 3சி 273இல் கோடுகள் இருந்த இடங்கள் ஏறத்தாழ 563, 503, 475. முதலாவதை முதலாவதால் வகுத்தால் 1.158. மற்ற இரண்டிலும் அதே விகிதம்தான். புதிய தனிமம் எதுவும் இல்லை. சாதாரண ஹைட்ரஜன்தான் சிவப்புப் பக்கமாக 15.8 சதவீதம் நகர்ந்திருந்தது. இந்த நகர்வைச் செம்பெயர்ச்சி என்கிறோம்; இங்கே அதன் அளவு 0.158. பேரண்டம் விரிவதால் பயணத்திலேயே ஒளியின் அலைநீளம் நீண்டுவிட்டது. ஹைட்ரஜனின் மிக வலுவான சிவப்புக் கோடும் இதே விகிதத்தில் 656லிருந்து 760 நானோமீட்டருக்குத் தள்ளப்பட்டிருந்தது, ஜே. பி. ஓக் அதை அங்கேயே கண்டு உறுதிப்படுத்தினார்.

அப்படியானால் 3சி 273 விண்மீனே அல்ல. இன்று நாம் பெறும் அதன் ஒளி ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஒரு காலத்துக் காட்டு மரங்கள். புதைந்து கரியாகிச் சில கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒளி கிளம்பியபோது பூமியில் காடு மட்டுமல்ல, செடி கொடி எதுவும் கிடையாது. இருந்தவை நுண்ணுயிர்கள்தான். அவ்வளவு தொலைவிலிருந்தும் சிறிய தொலைநோக்கிக்கு எட்டும் பிரகாசத்தில் தெரிகிறது என்றால், அந்தப் பொருள் முழு விண்மீன் திரள்களையும் விஞ்சி ஒளிர வேண்டும். குவாசார் என்ற புதிய வகை இப்படித்தான் அறிமுகமானது. அவற்றின் மையத்தில் சூரியனைப் போல் பல கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதும், அதில் விழும் வாயு சூடேறி ஒளிர்வதும் பின்னர் தெளிவாயிற்று.

தொலைவு தெரியாமல் ஒரு தீர்ப்பு

உதகைக்குத் திரும்புவோம். சந்திர மறைப்பில் அளந்த மூலங்கள் பெரும்பாலும் மங்கலானவை. நிறமாலை இருந்திருந்தால் ஒவ்வொன்றின் தொலைவும் தெரிந்திருக்கும். அன்றைய இந்தியாவில் அவ்வளவு மங்கலான ஒளிக்கு நிறமாலை எடுக்கும் தொலைநோக்கி இல்லை. ஸ்வரூப்பும் அவருடைய மாணவர் விஜய் கபாஹியும் வேறு வழி கண்டார்கள். ரேடியோவில் மங்கலானவை பொதுவாக அதிகத் தொலைவில் இருப்பவை என்று கொண்டு, மங்கல் கூடக் கூட அளவு எப்படிச் சிறுக்கிறது என்று பார்த்தார்கள். 1975இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு, பேரண்டம் எக்காலத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற நிலைக் கொள்கைக்கு எதிராக, காலந்தோறும் மாறிவரும் பெருவெடிப்புப் பேரண்டத்துக்குச் சாதகமாக அமைந்தது. நீலகிரிச் சரிவிலிருந்து கிடைத்த அளவீடுகள் பேரண்டவியலின் பெரிய விவாதத்தில் சாட்சி சொன்னது சாதாரணச் செய்தி அல்ல.

ஆனாலும் மங்கலைத் தொலைவாகக் கொள்வது பொதுவாகத்தான் பொருந்தும். அருகில் உள்ள வலுவற்ற மூலமும் மங்கலாகத்தான் தெரியும். ஒவ்வொரு மூலத்துக்கும் உண்மையான செம்பெயர்ச்சி வேண்டும் என்ற தேவை கபாஹியைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தது. பின்னாளில் பேட்ரிக் மெக்கார்த்தி உள்ளிட்ட அமெரிக்க வானியலாளர்களோடு சேர்ந்து, ஆஸ்திரேலியாவின் மொலாங்லோ பட்டியலிலிருந்து வலுவான மூலங்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றின் ஒளிவடிவத்தைச் சிலி நாட்டின் லாஸ் காம்பனாஸ் மலையில் தேடி நிறமாலை எடுத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் வெளிவந்த இந்தக் கட்டுரைகளில் ரேடியோ திரள்களும் (ரேடியோ அலையை வலுவாக உமிழும் விண்மீன் திரள்கள்) குவாசார்களும் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

அந்தப் பணியில் இருந்த மாணவர்களில் ஒருவர் ரமணா ஆத்ரேயா. தொலைவு கூடும்போது ரேடியோ திரள்களின் அலைவரிசைச் சரிவு (அதிர்வெண் கூடக் கூட ரேடியோ வலிமை குறையும் விதம்) எப்படிச் செங்குத்தாகிறது என்பதைக் கபாஹியோடு சேர்ந்து 1998இல் எழுதினார்.

நிறமாலை தொலைவை மட்டும் தருவதில்லை. பொருளின் இயல்பையும் காட்டிக்கொடுக்கிறது. ரேடியோ திரளின் நிறமாலையில் கோடுகள் மெல்லியவையாக இருக்கும். குவாசாரில் அவற்றோடு அகன்ற கோடுகளும் சேர்ந்திருக்கும். விநாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கருந்துளையைச் சுற்றும் வாயுவே கோட்டை அப்படி அகலமாக்குகிறது. 1989இல் பீட்டர் பார்தெல் ஒரு கருத்தை வலியுறுத்தினார்: வலுவான ரேடியோ திரளும் குவாசாரும் ஒரே வகைப் பொருள்தான், நாம் பார்க்கும் கோணம்தான் வேறு. பக்கவாட்டில் பார்க்கும்போது தூசு வளையம் மையத்தை மறைத்துவிடுகிறது. மையத்தின் பிரகாசமும் பார்வைக் கோணமும் தொடர்புடையவை என்பதற்கான சான்றை 1982லேயே கபாஹியும் டி. ஜே. சைக்கியாவும் குவாசார்களில் காட்டியிருந்தார்கள்.

காவலூரின் கண்ணாடியும் நெய்வேலியின் மின்சாரமும்

முத்தோரை ரேடியோவுக்கு என்றால், ஒளிக்கு ஜவ்வாது மலையின் காவலூர். வைணு பாப்பு அங்கே சந்தனக் காடுகளுக்கு நடுவே இடம் தேர்ந்து, 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டவர்களில் காவலூர் வானியலாளர்களும் உண்டு. பாப்புவின் பெரிய கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சொந்தப் பட்டறை. 1982இல் பாப்பு மறைந்தார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

இப்படிப்பட்ட தொலைநோக்கியில் மங்கலான திரள் ஒன்றுக்கு நிறமாலை எடுப்பது எப்படி என்று பார்ப்போம். தொலைநோக்கி குவிக்கும் ஒளி ஒரு மெல்லிய பிளவின் மேல் விழுகிறது. பிளவின் அகலம் வானத்தில் ஓரிரு விகலைக்குச் சமம். திரளின் ஒளி சரியாக அதற்குள் நுழைய வேண்டும். மூலத்தின் இடம் ஐந்து விகலை தவறினாலும் வெற்று வானத்தின் நிறமாலைதான் கிடைக்கும். உதகையின் துல்லியம் ஏன் முக்கியம் என்பது இந்த இடத்தில்தான் விளங்கும். உள்ளே நுழைந்த ஒளியைக் கீற்றணி பிரித்து சிசிடி சில்லின் மேல் பரப்புகிறது. பிறகு ஆர்கான் அல்லது நியான் விளக்கைப் பிளவின் முன் எரியவிட்டு, தெரிந்த கோடுகளால் அளவுகோலைக் குறித்துக்கொள்கிறார்கள். அரை மணி, ஒரு மணி என்று வெளிச்சத்தைச் சேர்த்த பிறகு கணினித் திரையில் வரும் படத்தில் திரளின் ஒளி மெல்லிய கிடைக்கோடாக ஓடும். அதற்குக் குறுக்கே, படத்தின் மேலிருந்து கீழ்வரை, பிரகாசமான செங்குத்துக் கோடுகள் நிற்கும். அவை நம் தலைக்கு மேல் உள்ள வானத்தின் ஒளி.

அவற்றில் 557.7 நானோமீட்டர்க் கோடு உயர்மட்டக் காற்றில் உள்ள ஆக்சிஜனுடையது, அது இயற்கை. 435.8, 546.1 ஆகிய இடங்களில் நிற்பவை பாதரச விளக்கின் கோடுகள். 589 அருகே நிற்பது சோடியம். அதில் ஒரு சிறு பகுதி மேல் வளிமண்டலத்தின் இயற்கையான சோடியம். ஊர்களுக்கு அருகே உள்ள வானாய்வகம் என்றால் மீதமெல்லாம் தெருவிளக்கு. ஜவ்வாது மலையைச் சுற்றி வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், ஜோலார்பேட்டை என்று ஊர்கள் வளர்ந்திருக்கின்றன. அந்த விளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தில் நெய்வேலியின் பங்கும் கலந்திருக்கிறது. இந்த மண்ணுக்கடியில் வெட்டிய கரி மின்சாரமாகி, விளக்காகி, மேலே சிதறி, தொலைதூரத் திரளின் நிறமாலைக்குக் குறுக்கே கோடாக வந்து நிற்கிறது.

சோடியம் விளக்கின் ஒளி குறுகிய இடத்தில் அடங்குவதால் அந்தப் பகுதியை விலக்கிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். இப்போது எங்கும் பரவும் வெள்ளை எல்ஈடி விளக்கு அப்படியல்ல. அதன் ஒளி நீலம் முதல் சிவப்பு வரை பரவிக் கிடப்பதால் விலக்குவதற்கு இடமே இல்லை. அதன் நீலப் பகுதி காற்றில் அதிகம் சிதறவும் செய்யும். தெரு விளக்கே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. விளக்குக்கு மேல் மூடி போட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் தெருவுக்கும் வெளிச்சம் கூடும், வானமும் இருண்டிருக்கும். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இந்தியாவின் முதல் இருண்ட வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே வீட்டு விளக்குகளுக்கே ஒழுங்குமுறை வந்திருக்கிறது. அதே அக்கறை ஜவ்வாது மலைக்கும் வேண்டும். இரவு பகலாக ஒளிவெள்ளத்தில் இயங்கும் சுரங்கங்களைக் கொண்ட இந்த நகரியம் அதில் முன்மாதிரியாக இருக்க முடியும்.

ஒரே கோட்டை நம்பி

தொலைவு கூடக் கூட நிறமாலை எடுப்பது கடினமாகிறது. 4சி 41.17 என்ற ரேடியோ திரளின் செம்பெயர்ச்சி 3.8 என்று 1980களின் இறுதியில் தெரிந்தபோது அதுவே பெரிய பாய்ச்சலாக இருந்தது. 1999இல் வில் வான் பிரோகலும் சகாக்களும் ஹவாயில் உள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியால் டிஎன் ஜே0924−2201 என்ற திரளின் செம்பெயர்ச்சி 5.19 என்று அளந்தார்கள். அதன் ஒளி புறப்பட்டபோது பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 110 கோடி ஆண்டு. இன்றைய வயது 1,380 கோடி. இந்த அளவீடு நின்றது ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா என்ற ஒரே கோட்டின் மேல். ஆய்வுக்கூடத்தில் 121.6 நானோமீட்டரில், புற ஊதாவில் இருக்கும் அந்தக் கோடு 753க்கு, அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் கடைக்கோடிக்கு வந்திருந்தது. ஒரே கோடு என்றால் விகிதத்தைச் சரிபார்க்க இரண்டாவது கோடு கிடையாது. 2005இல் ஆஸ்திரேலியாவில் அதே திரளின் கார்பன் மோனாக்சைடு வாயு அதே செம்பெயர்ச்சியில் ரேடியோ அலையில் பிடிபட்ட பிறகு ஐயம் நீங்கியது. ரேடியோ காட்டிய திரளுக்கு ஒளி தொலைவு சொன்னது. அந்தத் தொலைவை மீண்டும் ரேடியோ உறுதி செய்தது.

குவாசாரின் ஒளி வழியில் உள்ள வாயு மேகங்களையும் கடந்து வருகிறது. நெய்வேலியில் ஆழ்துளையிட்டு எடுக்கும் மண் மாதிரியில் மணல், களிமண், கரி என்று அடுக்கடுக்காகத் தெரிவது போல, குவாசாரின் நிறமாலையில் வெவ்வேறு தொலைவில் உள்ள மேகங்கள் தனித்தனி இருண்ட கோடுகளாகப் பதிகின்றன. புணேயின் ஐயூகா நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ஸ்ரீஆனந்தும், அவரோடு பாட்ரிக் பெடிஜான், செட்ரிக் லெதூ ஆகியோரும் சிலியின் 8.2 மீட்டர்த் தொலைநோக்கியில் பிகேஎஸ் 1232+0815 என்ற குவாசாரை ஆராய்ந்தார்கள். அதன் வழியில், செம்பெயர்ச்சி 2.34இல் உள்ள ஒரு மேகத்தின் கார்பன் கோடுகளை அளந்து, அக்காலத்தில் பேரண்டத்தின் பின்னணி வெப்பநிலை 6க்கும் 14க்கும் இடைப்பட்ட கெல்வின் என்று 2000 டிசம்பரில் அறிவித்தார்கள். இன்று அது 2.7 கெல்வின். பெருவெடிப்புக் கொள்கையின் கணக்கு அந்தக் காலத்துக்கு 9.1 கெல்வின் என்று சொல்லியிருந்தது. கடந்தகாலப் பேரண்டம் இன்றைவிடச் சூடாக இருந்தது என்பதை ஒரு மேகத்தின் கார்பன் அணுக்களே காட்டிவிட்டன.

ரேடியோவில் தொடங்கி ஒளிக்கு வருவதில் இன்னொரு நன்மை உண்டு. தூசு ஒளியைத் தடுக்கும்; ரேடியோ அலையைத் தடுக்காது. நிறத்தை மட்டும் பார்த்துத் தேடினால் தூசுக்குப் பின்னால் இருக்கும் குவாசார்கள் கணக்கில் வராமல் போகும். இதற்காகவே நீரஜ் குப்தா, ஸ்ரீஆனந்த் ஆகியோரின் குழு தென்னாப்பிரிக்காவின் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி ஆய்வுக்கு முன்னதாக, ரேடியோவில் பிரகாசமான நூற்றுக்கணக்கான மூலங்களுக்குச் சால்ட் என்ற பெரிய தொலைநோக்கி உள்ளிட்டவற்றில் நிறமாலை எடுத்தது. சால்ட்டில் ஐயூகாவும் பங்காளி.

எஞ்சியிருக்கும் பணி

முத்தோரையில் கற்ற பாடத்தைக் கொண்டு ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் மகாராஷ்டிரத்தின் நாராயண்காவ் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களோடு ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியை அமைத்தார்கள். அதில் 150 மெகாஹெர்ட்ஸில் நடந்த டிஜிஎஸ்எஸ் ஆய்வு வானத்தின் 90 சதவீதத்தை அளந்து 6.2 லட்சம் மூலங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்றுவரை நிறமாலை கிடையாது. ரேடியோவில் நாம் உலகின் முன்வரிசையில் இருக்கிறோம். ஒளியில் நம் நாட்டின் மிகப் பெரிய பொதுப் பயன் தொலைநோக்கி 2016இல் தொடங்கப்பட்ட தேவஸ்தலின் 3.6 மீட்டர்தான். 6.2 லட்சம் மூலங்களில் மங்கலானவற்றுக்கு அது போதாது. இந்திய மண்ணிலேயே 10 மீட்டர் வகுப்புத் தொலைநோக்கி ஒன்று வேண்டும். முத்தோரையில் எஃகுக் கம்பி கட்டியவர்களும், காவலூருக்குக் கண்ணாடி தேய்த்தவர்களும் இருந்த நாட்டுக்கு அது எட்டாத வேலை அல்ல.

அதுவரை காத்திருக்கத் தேவையும் இல்லை. டிஜிஎஸ்எஸ் படங்கள் இணையத்தில் யாருக்கும் திறந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்லோன் ஆய்வு எடுத்த லட்சக்கணக்கான நிறமாலைகளும் அப்படியே. ஆனந்த ஹோதா 2013இல் தொடங்கிய ராட்-அட்-ஹோம் திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் ஜிஎம்ஆர்டி படங்களை ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு, வழக்கத்துக்கு மாறான ரேடியோ திரள்களைத் தேடிவருகிறார்கள். நெய்வேலியின் இயற்பியல் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் சோடியம் விளக்கை வைத்துக் கீற்றணியால் 589ஐ அளந்திருப்பார்கள். அவர்கள் ஒரு ரேடியோ மூலத்தைத் தேர்ந்து, அதே இடத்தில் உள்ள திரளின் நிறமாலையை ஸ்லோன் தொகுப்பிலிருந்து இறக்கி, ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர்க் கோடு எங்கே நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும். நிறமாலை இல்லாத மூலங்களைத் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தேவஸ்தலிலும் ஹான்லேயிலும் உள்ள தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு ஓர் ஆய்வுக்குழு விண்ணப்பிக்கும்போது அப்படி ஒரு பட்டியல் தேவைப்படும்.